பானைக்கு அடி எங்கே, சார்?

எங்கள் பள்ளியில் மாதம் ஒருமுறை சிறார் திரைப்படம் திரையிடுகிறோம். 2022இல் நம் அரசுப் பள்ளிகளில் இந்தத் திரையிடல்கள் தொடங்கியபோது, ‘படம் போட்டால் பிள்ளைகள் அமைதியாக இருப்பார்கள்’ என்ற அளவில்தான் நானும் நினைத்திருந்தேன். படம் முடிந்ததும் கலந்துரையாட வேண்டும் அல்லவா? ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, “நாமளும் ஒரு படம் எடுப்போமா சார்?” என்று கேட்டாள்.

“எடுக்கலாமே” என்று சொல்லிவிட்டேன். நான் சமூக அறிவியல் ஆசிரியர். திருமண வீட்டில் கைபேசியில் எடுத்ததைத் தவிர எனக்குப் படம் எடுத்த அனுபவம் கிடையாது. வகுப்பில் வாய்தவறிச் சொன்ன ஒரு ‘எடுக்கலாமே’ எங்கே கொண்டுபோய் விடும் என்பது ஆசிரியர் நண்பர்கள் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் காலை 14 பேர் பெயர் எழுதிய தாள் என் மேசையில் இருந்தது.

அந்த 14 பேரோடு ஒரு கல்வியாண்டில் என்ன செய்தோம், நான் எங்கே தவறினேன் என்பதை இங்கே எழுதுகிறேன். உங்கள் பள்ளியிலோ ஊரிலோ இப்படி ஒரு மன்றம் தொடங்க நினைத்தால் ஓரளவு உதவக்கூடும்.

இருப்பதைக் கொண்டு தொடங்குதல்

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை மன்றத்துக்கு என்று தலைமையாசிரியர் ஒதுக்கித் தந்தார். மாணவர்கள் பள்ளிக்குக் கைபேசி கொண்டுவரக் கூடாது என்பதால் என் கைபேசி ஒன்று, ஓவிய ஆசிரியருடையது ஒன்று, ஆக இரண்டுதான் எங்கள் கேமராக்கள். பெற்றோரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெற்றோம். எடுக்கும் படம் எதையும் சமூக ஊடகத்தில் ஏற்றுவதில்லை என்பதை முதல் நாளே கரும்பலகையில் எழுதினோம்.

இன்னொரு விதியும் அன்றே போட வேண்டியதாயிற்று. “யார் டைரக்டர்?” என்ற கேள்விதான் முதலில் வந்தது. உரக்கப் பேசும் இருவர் கை தூக்கினார்கள். மற்றவர்கள் அவர்களைப் பார்த்தார்கள். அப்படியே விட்டிருந்தால் இரண்டு பேர் படம் எடுக்க, 12 பேர் வேடிக்கை பார்த்திருப்பார்கள். எனவே ஒவ்வொரு வாரமும் வேலை மாறும் என்று வைத்தோம். இந்த வாரம் கேமரா பிடித்தவர் அடுத்த வாரம் ஒலிப்பதிவு, அதற்கடுத்த வாரம் குறிப்பெழுதுபவர். சுவரில் ஒரு சுழல் பட்டியல் ஒட்டினோம். மன்றம் ஆண்டு முழுவதும் கலையாமல் இருந்ததற்கு அந்தப் பட்டியல் பெரிய காரணம்.

என்னைப்போல் ‘எனக்கு ஒன்றும் தெரியாதே’ என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. 1955இல் வெளியான சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’க்கு ஒளிப்பதிவு செய்த சுப்ரதோ மித்ரா, அந்தப் படத்துக்கு முன்பு திரைப்படக் கேமராவை இயக்கியதே இல்லை. படப்பிடிப்பு தொடங்கியபோது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். ராயும் அதற்கு முன் ஒரு படமும் இயக்கியதில்லை. ஆனால் 1947இல் நண்பர்களோடு கல்கத்தா திரைப்படக் கழகத்தைத் தொடங்கி, பல நாட்டுப் படங்களைப் பார்த்து விவாதித்துவந்தவர். படத்தைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் முதலில் வந்துவிட்டது. கருவி பிறகு வந்தது. எங்கள் மன்றத்தின் வரிசையையும் அப்படியே அமைத்துக்கொண்டேன்.

முதல் மூன்று வாரம் கேமரா இல்லை

பழைய நோட்டு அட்டையில் கைபேசித் திரை அளவுக்கு நீள்சதுரமாக ஓட்டை வெட்டி ஆளுக்கொன்று கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சட்டம் வழியாகப் பள்ளி வளாகத்தைப் பார்க்க வேண்டும். அட்டையைக் கண்ணுக்கு அருகில் வைத்தால் நிறையத் தெரியும். கையை நீட்டிப் பிடித்தால் கொஞ்சம்தான் தெரியும். பிறகு மூன்று கேள்விகள்: சட்டத்துக்குள் என்ன இருக்கிறது? எதை வெளியே விட்டாய்? ஏன் அங்கே நின்றாய்?

வேப்பமரத்தடியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளை எல்லோரும் பார்த்தார்கள். ஒரு மாணவி மட்டும் கை கழுவும் குழாயைச் சட்டத்துக்குள் வைத்தாள். “எல்லாரும் இங்க வந்துதான சார் ஆகணும்” என்றாள். எங்கே நின்று பார்ப்பது என்பதும் ஒரு சிந்தனைதான் என்று அந்தக் குழாயடியில் எனக்குப் புரிந்தது.

நான்காம் வாரம் கைபேசி கைக்கு வந்தது. பயிற்சி ஒன்றே ஒன்று: ஒரு நிமிடம், ஒரே காட்சி, கேமரா அசையக் கூடாது, பெரிதாக்கவும் கூடாது. இந்தப் பயிற்சிக்கு ஒரு வரலாறு உண்டு. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு திரையிட்ட 10 படங்களும் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள் முடிபவை. கருவிக்குள் போடும் படச்சுருளின் நீளம் அவ்வளவுதான். தொழிற்சாலைக் கதவு திறக்கிறது, தொழிலாளர்கள் வெளியே வருகிறார்கள், படம் முடிந்துவிடுகிறது. 10 ஆண்டுகள் கழித்து, 1905இல் திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டியதும் இத்தகைய சிறு படங்களைத்தான். பிரான்சில் பள்ளி மாணவர்களுக்குத் திரைப்படம் கற்பிப்போர் இந்த ‘லூமியர் நிமிட’த்தை இன்றும் பயிற்சியாகக் கொடுக்கிறார்கள்.

ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது கேமராவின் பின்னால் நிற்கும்போதுதான் தெரியும். 20 நொடியில் பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விடுகிறது. 40ஆவது நொடியில் ஏதோ ஒன்று நடக்கிறது. ஒரு நாய் குறுக்கே போகிறது. மிதிவண்டி நிறுத்தும் இடத்தில் ஒருவன் அடுத்தவன் சக்கரத்தைச் சரிசெய்து கொடுக்கிறான். காத்திருந்தவருக்கு மட்டும் கிடைக்கும் காட்சிகள் அவை.

கொஞ்சம் தொழில்நுட்பம்

இதில் அதிகம் சொல்ல எனக்குத் தெரியாது, தேவைப்பட்டதும் குறைவுதான்.

கைபேசியைப் படுக்கைவாட்டில் பிடிக்க வேண்டும். விமானப் பயன்முறையில் வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நல்ல காட்சியின் நடுவே யாராவது அழைப்பார்கள். முக்காலிக்குப் பதிலாக ஒரு துணிப்பையில் மணல் நிரப்பி, பெஞ்சின் மேல் வைத்து, அதில் கைபேசியைப் பதித்தோம். ஆடவே ஆடாது. ஆளை எடுக்கும்போது சன்னல் கேமராவுக்குப் பின்னால் இருக்க வேண்டும். சன்னலை ஆளுக்குப் பின்னால் வைத்தால் முகம் இருட்டாகிவிடும்.

ஒலிதான் எங்களை அதிகம் படுத்தியது. படம் எடுக்கும் கைபேசி ஆறடி தள்ளி இருந்தால் பேச்சைவிட மின்விசிறிதான் உரக்கக் கேட்கும். எனவே இரண்டாவது கைபேசியைப் பேசுபவரின் மடியில் வைத்து ஒலியை மட்டும் தனியாகப் பதிவுசெய்தோம். இரண்டையும் பிறகு பொருத்துவதற்கு, தொடக்கத்தில் ஒருவர் கேமரா முன் வந்து ஒருமுறை கை தட்டுவார். கைகள் சேர்வது படத்தில் தெரியும், ஓசை ஒலியில் கேட்கும். இரண்டையும் ஒன்றாக வைத்தால் பொருந்திவிடும். சினிமாவில் தட்டும் பலகை எதற்கு என்று அன்றைக்குப் பிள்ளைகளுக்கு விளக்காமலே விளங்கிற்று.

காட்சியைத் தூரம், நடு, அருகு என்று மூன்று தூரத்தில் எடுக்கப் பழகினோம். தூரக்காட்சி இடத்தைச் சொல்லும், நடுக்காட்சி ஆளையும் வேலையையும் காட்டும், அண்மைக்காட்சி விரலையும் கண்ணையும் காட்டும். எந்தக் காட்சியானாலும் மனத்துக்குள் 10 எண்ணி முடிக்கும் வரை நிறுத்தக் கூடாது.

நான் செய்த தவறு

செப்டம்பரில் எங்கள் முதல் குறும்படத்துக்குத் தலைப்புத் தேடினோம். கண்மாய், வாரச்சந்தை, கோயில் திருவிழா என்று கரும்பலகையில் ஏழெட்டு எழுதினார்கள். எங்கள் பக்கம் மண்பாண்டத்துக்குப் பேர்போனது. அருகிலுள்ள மானாமதுரையில் செய்யும் கடம் கச்சேரி மேடைவரை போகிறது. எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. “எதுக்கு வெளியில தேடுறீங்க? நம்ம மன்றத்துலயே ஒருத்தர் வீட்டுல சக்கரம் சுத்துதே!” என்று சொல்லி, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனை எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லிக் காட்டினேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பின்வரிசையில் யாரோ மெதுவாக, “சட்டிப்பானை” என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் அதட்டினேன், சிரிப்பு நின்றது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மேலே பேசிக்கொண்டிருந்தேன்.

அவன் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்து, “மன்றத்துல இருந்து என் பேரை எடுத்துருங்க சார்” என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஆசிரியர் அறையில் தமிழாசிரியை அம்மாவிடம் இதைச் சொன்னேன். “தொழிலைப் பெருமைப்படுத்தணும்னுதானே சொன்னேன்” என்றேன். அவர் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடிவிட்டு, “பெருமைன்னு நீங்க நினைச்சீங்க சார். அவன்கிட்டக் கேட்டீங்களா?” என்றார்.

நான் கேட்டிருக்கவில்லை. ஒரு வீட்டின் தொழில் இந்த ஊரில் எப்படியெல்லாம் அழைக்கப்படுகிறது, அந்தச் சொற்களைக் கேட்டு வளரும் பிள்ளை பள்ளியில் எதை மறைத்து வைத்திருக்கும் என்பது 16 ஆண்டுகள் ஆசிரியராக இருக்கும் எனக்குத் தெரியாதா? தெரியும். ஒரு நல்ல படத்துக்கான ஆசையில் மறந்துபோனேன். கேமரா இன்னும் பையிலிருந்து வெளியே வரவில்லை. அதற்குள் ஒரு பிள்ளையை அவன் விருப்பமில்லாமல் எல்லோர் முன்னும் நிறுத்திவிட்டேன்.

மாலையில் அவன் தனியாக இருக்கும்போது மன்னிப்புக் கேட்டேன். வகுப்பில் கேட்டால் அவனை இரண்டாம் முறை எல்லோர் முன்னும் நிறுத்தியதாகிவிடும். மன்றத்தில், “அந்தத் தலைப்பு வேண்டாம். கேட்காமல் சொன்னது என் தவறு” என்பதோடு நிறுத்திக்கொண்டேன். எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தைப் பற்றி எடுப்பது என்று முடிவாயிற்று. சமையலர் அக்காவிடம் மூன்று மாணவர்கள் போய், என்ன எடுப்போம், எப்போது எடுப்போம், யாருக்குக் காட்டுவோம் என்று சொல்லி முறைப்படி ஒப்புதல் கேட்டார்கள். அன்றிலிருந்து அதுவே எங்கள் வழக்கம்.

கை மட்டும்

அந்தப் பையன் சில வாரம் தள்ளியே இருந்தான். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மணல்பையைத் தூக்கிக்கொண்டு தானாக வந்தான். நான் எதுவும் கேட்கவில்லை. மார்கழி பிறந்து பொங்கல் பானை வேலை மும்முரமாகும் நேரத்தில் என்னிடம் வந்து, “தாத்தாகிட்டக் கேட்டேன் சார். வரச் சொன்னாரு. ஆனா மூஞ்சி எடுக்கக் கூடாது. வீட்டையும் காட்டக் கூடாது. கை மட்டும்” என்றான்.

மன்றத்தில் இதைச் சொன்னதும் சிலர் முகம் வாடியது. கை மட்டும் வைத்து எப்படி ஒரு படம்? அப்போது அவர்களுக்கு ‘கிளாஸ்’ என்ற குறும்படத்தைத் திரையிட்டேன். நெதர்லாந்தைச் சேர்ந்த பெர்ட் ஹான்ஸ்ட்ரா 1958இல் எடுத்தது. ஆஸ்கர் விருது பெற்றது. கண்ணாடிப் பொருள் செய்வதைப் பற்றிய 10 நிமிடப் படம். விளக்கவுரை ஒரு சொல்கூடக் கிடையாது. ஊதும் வாய், சுழலும் குழாய், திருப்பும் விரல்கள், அவற்றோடு இசை. பிள்ளைகள் அசையாமல் பார்த்தார்கள். முடிந்ததும் ஒருவன், “பேசாமயே புரியுது சார்” என்றான். அவன்தான் முன்பு சிரித்தவர்களில் ஒருவன்.

மூன்று சனிக்கிழமைகள் போனோம். ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் இல்லை. வேலை நடக்கும் நேரம், எங்களுக்காக ஒருமுறை நிறுத்திக் காட்டச் சொல்லக் கூடாது என்பது தாத்தாவின் நிபந்தனை. கண்மாய் மண்ணைக் குழைப்பது, சக்கரத்தின் நடுவில் மண் எழுந்து வாய் விரிவது, நூலால் அறுத்து எடுப்பது, காயவைப்பது, சூளையில் அடுக்குவது என்று 60க்கும் மேற்பட்ட காட்சிகள் சேர்ந்தன. சிரித்த மாணவனின் முறை ஒலிப்பதிவு. பானை தட்டும் ஓசையைப் பதிவுசெய்துகொண்டிருந்தவன் ஆர்வத்தில் பலகையை வாங்கித் தானும் ஒரு தட்டுத் தட்டினான். பானை நசுங்கியது. தாத்தா சிரித்துக்கொண்டே அதை மறுபடி மண்ணோடு மண்ணாகப் பிசைந்தார்.

தரையில் பரப்பிய அட்டைகள்

கணினிக்குப் போகும் முன் ஒரு வேலை செய்தோம். எடுத்த ஒவ்வொரு காட்சியையும் ஒரு சிறு அட்டையில் கோட்டோவியமாக வரைந்து, கீழே ஒரு வரி எழுதி, வகுப்பறைத் தரையில் பரப்பினோம். சுற்றிலும் உட்கார்ந்து வரிசைப்படுத்த வேண்டும். எந்தக் காட்சிக்குப் பின் எது? எது வேண்டாம்? இதற்கு மின்சாரமும் வேண்டாம், செயலியும் வேண்டாம். 14 பேரும் ஒரே நேரத்தில் வேலைசெய்ய முடியும்.

வரிசை பொருளை மாற்றும் என்பதை முன்பே ஒரு விளையாட்டாகச் செய்திருந்தோம். ஒரு மாணவியின் முகத்தைச் சலனமில்லாமல் எடுத்து, அடுத்து ஒருமுறை மதிப்பெண் பட்டியலையும், ஒருமுறை சோற்றுத் தட்டையும், ஒருமுறை தூங்கும் நாய்க்குட்டியையும் சேர்த்துக் காட்டினோம். பார்த்தவர்கள் முதலில் பயம் என்றார்கள், பிறகு பசி என்றார்கள், பிறகு பாசம் என்றார்கள். முகம் மூன்றிலும் ஒன்றுதான். சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு நூற்றாண்டுக்கு முன் செய்து பார்த்த சோதனை இது.

இப்போது தரையில் பானை அட்டைகள். சக்கரம், நூலால் அறுப்பது, வெயிலில் காய்வது, சூளை, அடுக்கிய பானைகள். அழகாக வந்துவிட்டது என்று எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான். அந்தப் பையன் மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: “பானைக்கு அடி எங்கே, சார்?”

எங்களுக்குப் புரியவில்லை. அவன் நூலால் அறுக்கும் அட்டையை எடுத்துக் காட்டினான். “சக்கரத்துல இருந்து அறுத்து எடுக்கிறப்ப பானைக்கு அடி கிடையாது சார். ஓட்டையாத்தான் இருக்கும். பாதி காய்ஞ்ச பின்னாடி, உள்ள கல்லை வச்சு வெளிய பலகையால தட்டித் தட்டித்தான் அடியை மூடணும். அதுதான் பெரிய வேலை. அதை நாம எடுக்கவே இல்ல.”

நாங்கள் மூன்று சனிக்கிழமை அங்கே இருந்தோம். பலகை தட்டும் ஓசையைக்கூடப் பதிவுசெய்திருந்தோம். மேடு பள்ளத்தைச் சமன்செய்வதற்காகத் தட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டோம். சக்கரத்தின் அழகில் மயங்கி எல்லாக் கேமராவும் அங்கேயே இருந்துவிட்டது. உருண்டையான அடி எப்படி வந்தது என்ற கேள்வி எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அட்டைகளை வரிசையாக வைத்தபோதுதான், அதுவும் தெரிந்த ஒருவன் பார்த்தபோதுதான், நடுவில் ஒரு காட்சி இல்லாதது தெரிந்தது.

எழுத்தில் இந்த ஓட்டையை மறைத்துவிடலாம். ‘பானை செய்து, காயவைத்து, சூளையில் சுடுவார்கள்’ என்று எழுதினால் தேர்வில் முழு மதிப்பெண் கிடைக்கும். நான் பல ஆண்டுகள் அப்படித்தான் கொடுத்திருக்கிறேன். படத்தில் ‘செய்து’ என்று தாண்டிப்போக முடியாது. எப்படிச் செய்தார்கள் என்பதற்கு ஒரு காட்சி இருந்தாக வேண்டும். படமெடுக்கும் மன்றம் நம் பாடத்துக்கு என்ன தரும் என்று யாராவது கேட்டால், நான் இந்த ஓர் அட்டையைத்தான் சொல்வேன்.

நான்காவது சனிக்கிழமை அவன் முன்னால் நடந்தான், நாங்கள் பின்னால் போனோம். எங்கே நிற்க வேண்டும், எப்போது தொடங்க வேண்டும் என்று அவன்தான் சொன்னான். உள்ளே கல் பிடித்த கை கண்ணுக்குத் தெரியாது. அது போகும் இடத்தை வெளியே பலகை பின்தொடர்கிறது. ஓட்டை சிறுத்துச் சிறுத்து மூடிக்கொள்கிறது. அந்த ஒரு காட்சி படத்தில் 50 நொடி வருகிறது.

முதலில் பார்க்க வேண்டியவர்

பள்ளியில் திரையிடும் முன் மடிக்கணினியில் தாத்தாவிடம் காட்டினோம். படத்தில் இருப்பவரே முதல் பார்வையாளர் என்பது செப்டம்பருக்குப் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட விதி. அவர் சொன்னால் எடுத்துவிட வேண்டும்.

அவர் ஒரு காட்சியை எடுக்கச் சொன்னார். மண்ணைக் காலால் மிதிக்கும் காட்சி. கை மட்டும் என்று சொன்னதை மறந்து ஒரு மாணவி சற்றுத் தள்ளி நின்று எடுத்திருந்தாள். வேட்டியைத் தூக்கிக் கட்டியிருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. எங்கள் படத்திலேயே அழகான காட்சி அதுதான். காலை வெயிலில் ஈரமண் பளபளக்கும். “அது ஒண்ணு மட்டும் இருக்கட்டுமே சார்” என்று பிள்ளைகள் என்னிடம் கெஞ்சினார்கள். எனக்கும் ஆசைதான். எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் திரையைக் கறுப்பாக விட்டு, மிதிக்கும் ஓசையை மட்டும் 8 நொடி வைத்தோம். இருட்டில் அந்தச் சதக் சதக் ஓசையைக் கேட்டபோது, படம் அதனால் கெட்டுவிடவில்லை என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

பொங்கல் விடுமுறைக்கு முந்தைய மாலை, பள்ளிச் சுவரில் திரையிட்டோம். நான்கு நிமிடப் படம். பெற்றோர் வந்திருந்தார்கள். விளக்கை அணைக்கும் பொறுப்பை அந்தப் பையன் கேட்டு வாங்கிக்கொண்டு, கதவோரம் நின்றே பார்த்தான். கடைசியில் மன்றத்தினர் 14 பேரின் பெயர்களும் அகர வரிசையில் வரும். அதற்கு முன் தனியாக ஒரு பெயர் வரும். முதல் நாள் மாலைதான் அவன் வந்து கேட்டான்: “தாத்தா பேரைப் போடலாமா சார்? அவர்கிட்டக் கேட்டுட்டேன்.”

தொடங்க நினைப்பவர்களுக்கு

எங்கள் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்:

• 12 முதல் 15 பேர் போதும். அதற்கு மேல் என்றால் இரு குழுவாக்குங்கள். வேலைகளைச் சுழற்சியில் விடுங்கள்.

• தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோரின் ஒப்புதல், படத்தில் வருபவரின் ஒப்புதல் ஆகிய மூன்றும் முதலில். மாணவரின் வீட்டையோ குடும்பத்தையோ தலைப்பாக நீங்களே முன்மொழியாதீர்கள். அவர்களாக வந்தால் வரவேற்கலாம்.

• முதல் மாதம் அட்டைச் சட்டமும் ஒரு நிமிடப் பயிற்சியும் மட்டும். கதைப்படம் எடுக்கும் ஆசை தானாக வரும். அதை இரண்டாம் பருவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

• முதல் படம் ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு வேலை எப்படி நடக்கிறது என்பது நல்ல தலைப்பு. தொடக்கமும் முடிவும் அந்த வேலையிலேயே இருக்கும்.

• மாதம் ஒரு குறும்படம் பாருங்கள். ஈரானின் அப்பாஸ் கியரோஸ்தமி 1970இல் எடுத்த முதல் படம் ‘ரொட்டியும் சந்தும்’. ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் சிறுவனை ஒரு நாய் மறிக்கிறது. அவ்வளவுதான் கதை, 10 நிமிடம்தான் படம். மொழி தெரியாமலே ஆறாம் வகுப்புக்குப் புரிகிறது.

• திரைப்படப் பாடல்களைப் பின்னணிக்குப் பயன்படுத்த வேண்டாம். அவற்றுக்கு உரிமையாளர்கள் உண்டு. நம் ஊர் ஓசைகளே போதும்.

• காட்சிகளை அன்றன்றே உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிக்கு மாற்றி, கைபேசியிலிருந்து நீக்கிவிடுங்கள். கைபேசியில் இடமும் மிஞ்சும், பிள்ளைகளின் படங்கள் வேறெங்கும் போகாமலும் இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் படத்தொகுப்பு மென்பொருள்களே போதும்.

• தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் கைபேசியே இல்லாமல் தொடங்கலாம். ஒரு சிறு நோட்டின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் சற்றே நகரும் பந்து ஒன்றை வரையச் சொல்லி வேகமாகப் புரட்டினால் பந்து துள்ளும். திரையரங்கில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன என்று சொன்னால், பிள்ளைகள் தாங்களே கணக்குப்போடத் தொடங்குவார்கள். ‘விதை முளைத்தது’, ‘தோசை வெந்தது’ போன்றவற்றை ஆறு அட்டையில் வரைந்து வரிசைப்படுத்துவதும் படத்தொகுப்புப் பயிற்சிதான். நடுவில் எந்த அட்டை இல்லை என்று கேளுங்கள்.

இந்த ஆண்டு மன்றத்தில் 19 பேர் இருக்கிறார்கள். கண்மாய் மடையைப் பற்றி எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். மடை திறப்பவரிடம் அனுமதி கேட்க மூன்று பேர் போயிருக்கிறார்கள். இன்னும் பதில் வரவில்லை. அந்தப் பையன் இப்போது பத்தாம் வகுப்பு. மன்றத்துக்கு வர நேரமில்லை. தரையில் அட்டை பரப்பும் நாளில் மட்டும் தனக்குச் சொல்லி அனுப்பச் சொல்லியிருக்கிறான்.